லாபம் சொல்லாத லோடு

சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அந்தக் கரி கையில் ஒட்டியிருக்கும்போதே சொல்வது இது. இதில் ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைச்சலும் இல்லை. பொய் கலந்திருந்தால் நாளைக் காலை நாஷ்டா தொண்டைக்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்குமேல் சத்தியம் செய்ய மனிதனிடம் வேறென்ன இருக்கிறது?

திங்கட்கிழமை உச்சிவேளையில், உத்திரமேரூரைத் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையோரத்தில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில், யாரோ இரண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

தப்பு அங்கேதான். நெல்லை மரக்காலில் அளந்தாலும் சரி, மூட்டையை வண்டியில் ஏற்றினாலும் சரி, இந்தப் பக்கத்தில் ஒன்று என்று சொல்லி எண்ணிக்கையைத் தொடங்க மாட்டார்கள். முதலாவதுக்கு ஒன்று என்ற பெயரே கிடையாது. அது 'லாபம்'. லாபம், ரெண்டு, மூணு என்று போகும். லாபம் சொல்லாமல் ரெண்டு சொன்னால், லாபம் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் ஏகாம்பரம் ஒரு லாரியின் புதுப் பலகைத் தட்டின்மேல் மல்லாந்து படுத்திருந்தார். அவர்தான் பட்டறையின் மேஸ்திரி. வயது ஐம்பத்தொன்பது. நாற்பது வருஷமாக மரம் அறுத்து, போல்ட் முறுக்கி, ஊரில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு முதுகு செய்து கொடுத்தவர். அவருடைய உடம்பில் அலுப்பு முதலில் வாடகைக்கு வந்தது. இப்போது வீட்டையே எழுதி வாங்கிவிட்டது. கத்திரி வெயில். தகரக் கூரை சூட்டில் விரிந்து டிக், டிக் என்று சொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. கூட்டாளி காஜா மொய்தீன், வெல்டர், மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். கடைசிப் பலகையின் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, கீழே இறங்கத் தெம்பில்லாமல், இடுப்பை ஒரு நிமிஷம் நீட்டிக்கொள்ளலாம் என்று ஏகாம்பரம் அங்கேயே சாய்ந்தார். அறுத்த மரத்தின் புளிப்பு வாடையும் சூடான கிரீஸ் வாடையும் சேர்ந்து தாலாட்ட, கண் செருகியது.

தொம்.

காலடிப் பக்கம் யாரோ மூட்டையைத் தோளிலிருந்து சரித்துப் போட்ட மாதிரி. பலகை முதுகின் கீழே ஒரு நூல் அளவு இறங்கி நின்றது. புழுங்கல் நெல் அவிகிற வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை வந்தது.

"ரெண்டு" என்றது ஒரு குரல்.

ஆண் குரல். உரக்கவும் இல்லை, ரகசியமாகவும் இல்லை. நாள் பூரா எண்ணி எண்ணித் தேய்ந்துபோய், 'போதும், படு' என்று யாராவது சொன்னால் நின்ற இடத்திலேயே படுத்துவிடுகிற குரல். பக்கத்தில் ஆண்டாளம்மாளின் பழைய இரும்புக் கடையில் லோடு ஏற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று ஏகாம்பரம் தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டார்.

தொம். "மூணு." தொம். "நாலு."

இருபது வரைக்கும் போய் நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது தட்டின் மேல் எதுவும் இல்லை. இரும்புக் கடைக் கதவு சாப்பாட்டு நேரத்துக்குச் சாத்தியே இருந்தது.

காஜா வந்ததும் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, வண்டி இன்னா இப்டி குந்திக்கினு கீது?"

பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. வெறும் வண்டியில் அப்படி நிமிராது.

"பச்ச மரம் பாய். கனம் கீதில்ல."

"பலகைக்கு ரெண்டு விரக்கட எறங்குமா? நெசத்த சொல்லு, நான் போனதும் மேல ஏறி படுத்துக்கினியா? உன் கொறட்டைக்கே எறங்கியிருக்கும்."

"நானா? நான் எங்க பாய் படுக்கறது" என்றார் ஏகாம்பரம். அப்படியொரு பொய்யை அவர் அதற்கு முன்னால் காஜாவிடம் சொன்னதில்லை.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பட்டறையில் ஒரு சட்டம். கடைசி போல்ட் முறுக்கின பிறகு புதுப் பாடியில் முதலில் ஏற வேண்டியது ஒரு உப்பு மூட்டை. அதை ஏற்றி 'லாபம்' என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கால் வைக்கலாம். வேலை நடக்கும்போது ஏறி இறங்குவது கணக்கில் வராது. வேலை முடிந்த பிறகு ஏறுவதுதான் கணக்கு. சட்டம் போட்டதே ஏகாம்பரம். அதை மீறின குற்றத்துக்காக இரண்டு ஆட்களை வேலையை விட்டே அனுப்பியவரும் அவர்தான். தானே போய் அதன்மேல் மல்லாந்து படுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

வண்டியும் சாதாரண வண்டி இல்லை. முன்னால் இன்ஜின் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மூக்கு லாரி. ஏனாத்தூரில் காலேஜ் வாத்தியாராக இருக்கும் வசந்த்குமார், வாலாஜாபாத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லின் கொல்லையில் அதைக் கண்டுபிடித்தார். அப்போது அதற்குள் ஒரு வேப்பமரம் குடியிருந்தது. மரத்தை வெட்டி, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, இரண்டு வருஷத்தில் அதை ஓடவும் வைத்துவிட்டார். பின்னால் பாடி மட்டும் மக்கிப் போயிருந்தது. பக்கப் பலகை வேண்டாம், பின்கதவு வேண்டாம், சப்பையாக ஒரு மரத் தட்டு போதும் என்று கொண்டுவந்து விட்டார். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு போய், சனிக்கிழமை சென்னையில் பழைய வண்டிகளின் கண்காட்சியில் நிறுத்த வேண்டும்.

"இது நூறு மூட்ட வண்டி மேஸ்திரி" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னார். "மில்லுக்காரங்க வூட்ல விசாரிச்சேன். நூறு ஏறினாத்தான் வண்டிய எடுப்பாங்களாம். தொண்ணூத்தொம்பது ஏறினாலும் அப்படியே நிக்குமாம்."

செவ்வாய்க்கிழமை மதியம் காஜா தொழுகைக்குப் போனதும், ஏகாம்பரம் வேண்டுமென்றே தட்டில் ஏறாமல், வண்டிக்கு அடியில் புகுந்து, மரத்தையும் இரும்புச் சட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கிற பெரிய போல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேலே பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக அவர் நெஞ்சின்மேல் விழுந்திருந்தது. கூரையின் சொடுக்குச் சத்தம் நின்றது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. புழுங்கல் வாடை முதலில் வந்தது. அதற்குப் பிறகு, அவர் முகத்துக்கு நேர் மேலே, வெயில் கோடு ஒன்று அணைந்தது.

தொம். "இருபத்தொண்ணு."

மூட்டை விழுந்தால் பலகை இடுக்கில் தூசி கொட்டும். கொட்டவில்லை. கோடுகள் மட்டும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு தொம்முக்கும் ஸ்பிரிங் பட்டை முனகிக்கொண்டு ஒரு நூல் இறங்கியது. சட்டம் அவருடைய மூக்கை நோக்கி இறங்கியது. முப்பது. முப்பத்தொண்ணு. நகர வேண்டும் என்று தோன்றியது. கை வரவில்லை. கையிலிருந்த ஸ்பேனர், நாற்பது வருஷமாகத் தூக்கின ஸ்பேனர், தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி கனத்தது.

"நாப்பது" என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது. சும்மாட்டை அவிழ்த்து உதறுகிற சத்தம்.

ஏகாம்பரம் தவழ்ந்து வெளியே வந்தார். தட்டு காலி. திரும்பிப் பார்த்தார். வண்டிக்கடியில் அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள் மெத்தை மாதிரி கிடந்தது. அவர் படுத்த பள்ளம் இருக்க வேண்டும். ஒரு பூனை படுத்து எழுந்த அளவுக்குத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றின கையோடு, வாசலில் கயிற்றுக் கட்டிலில் விழுந்தார். மனைவி ராணியம்மாள் சோறு வடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, கட்டில்ல படுத்துக்கினு கீறியா, இல்ல அந்தரத்துல நிக்கிறியா? எப்பவும் நீ வுழுந்தா கயிறு தரையத் தொடும். இன்னிக்கு தொங்கவே இல்ல?"

"புதுசா இழுத்துக் கட்டினேன்."

"நீயா? நீ கட்டில்ல படுக்கறதத் தவிர அதுக்கு வேற இன்னா செஞ்சிருக்க?" அவள் கிட்ட வந்து அவர் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள். "ஜொரம் இல்ல. கன்னம்தான் ஒட்டிப் போச்சி. அந்தப் பழைய வண்டி உன்னத் தின்னுது. வெள்ளிக்கிழமையோட வுட்டுத் தொல. அப்புறம் ஒரு வாரம் வூட்ல படுத்துத் தூங்கு."

ஒரு வாரத் தூக்கம். அந்த வார்த்தையில் ஏகாம்பரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறொன்றும் அவர் கேட்கவில்லை. இந்த உடம்போடு, இந்தக் கட்டிலில், ஒரு வாரம்.

புதன்கிழமை அவர் பயத்தோடு எழுந்தார். அன்றைக்கு உச்சிவேளையில் நாற்பத்தொன்றிலிருந்து தொடங்கின குரல் அறுபதுக்கு வந்தபோது, நல்லவேளையாகக் காஜா டி.வி.எஸ். வண்டியின் முன்னால் உப்பு மூட்டையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். குரல் சட்டென்று நின்றது.

"கடையில உப்பு ஸ்டாக் இல்லன்னு ரெண்டு நாளா அலைய வுட்டான். ஒரே பேஜார். புடி மேஸ்திரி."

ஏகாம்பரம் ஒரு முனையைப் பிடித்தார். தூக்க முடியவில்லை. மூட்டை எழுவதற்குப் பதில் அவருடைய குதிகால்தான் எழுந்தது. காஜா சிரித்துக்கொண்டே தனியாக அதை நெஞ்சில் அணைத்துத் தட்டின்மேல் தள்ளினார். பிறகு பலகையை மூன்று தடவை தட்டி, பட்டறையே அதிர, "லாபம்!" என்றார்.

கூரையில் ஒரு சொடுக்கு. ஏகாம்பரத்தின் நெஞ்சில் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக இறங்கியது. லாபம் ஏறிவிட்டது. எண்ணிக்கை முதலிலிருந்து வந்தாக வேண்டும்.

"அறுபத்தொண்ணு" என்றது குரல்.

காஜாவுக்கு அது கேட்கவில்லை. கைத் தூசியைத் தட்டிக்கொண்டு, "இன்னா மேஸ்திரி, பேயறஞ்ச மாதிரி பாக்கற?" என்றார்.

"பாய், இந்த உப்புக்கு முன்னாடி யார்னா ஏறியிருந்தா இன்னா ஆவும்?"

"யாரு ஏறினா?"

"சும்மா கேக்கறேன்."

"நீதான சொல்லுவ. மொதல்ல ஏறினது எதுவோ அதுதான் லாபம். அது லோடுல சேந்தாச்சி. லோடு எங்க எறங்குதோ அங்கதான் அதுவும் எறங்கும்." காஜா அவர் முகத்தைப் பார்த்தார். "யாரு ஏறினா மேஸ்திரி?"

"யாரும் ஏறல" என்றார் ஏகாம்பரம். அது இரண்டாவது பொய்.

வியாழக்கிழமை காலையில் அவர் நடந்துவந்த வழியில், புழுதியில் செருப்புத் தடம் இல்லை. அதைப் பார்த்ததும் நேராக ஆண்டாளம்மாளின் இரும்புக் கடைக்குப் போனார். ஆண்டாளம்மாள் கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக அந்தக் கடையை நடத்துகிறவள். இன்ஜினையே காலால் உருட்டுகிற உடம்பு. அவளுடைய எலக்ட்ரானிக் தராசின் அகலத் தட்டில் ஏகாம்பரம் ஏறி நின்றார். போன தீபாவளிக்கு அதே தட்டில் அறுபத்திரண்டு கிலோ இருந்தார்.

ஆண்டாளம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"இருபத்துநாலா? எறங்கி ஏறு."

இறங்கி ஏறினார். இருபத்துநாலு.

"இந்த எடைக்கு உன்ன இரும்புல போட முடியாது மேஸ்திரி. பழைய பேப்பர்லதான் போடணும்" என்று சிரித்துக்கொண்டே, தராசைச் சந்தேகப்பட்டு, ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வைத்தாள். ஐந்து என்று காட்டியது. பத்து கிலோ கல்லை வைத்தாள். பத்து. அவள் சிரிப்பு நின்றது. மறுபடி அவரை ஏறச் சொல்லவில்லை.

அறுபத்தொன்று எண்ணியாயிற்று. இன்னும் முப்பத்தொன்பது பாக்கி. தன் உடம்பில் என்ன மீதி இருக்கிறது என்பதை ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டார். அவரைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை மூட்டையாக.

அவருக்குத் தெரிந்த ஒரே வழி, கட்டினதைப் பிரிப்பது. தான் படுத்த பலகையைக் கழற்றிவிட்டால் தானும் கழன்று வந்துவிடலாம். மதியத்துக்கு முன்னால் காஜா நம்பர் பிளேட் வாங்க வெளியே போன நேரம் பார்த்து, நீளமான ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி அழுத்தினார். இறுகின போல்ட்டைக் கழற்றுவது கைப்பலத்தால் இல்லை, உடம்புக் கனத்தால். எந்த மேஸ்திரிக்கும் தெரிந்த விஷயம். அவர் அழுத்தினார். போல்ட் நகரவில்லை. அவருடைய இரண்டு காலும் தரையைவிட்டு எழுந்தன. ஸ்பேனரின் முனையில், காய வைத்த வேட்டி மாதிரி, அவர் தொங்கினார்.

புழுங்கல் வாடை.

"வாணாம்" என்றார் ஏகாம்பரம். "யாரா இருந்தாலும் சரி. தெரியாம படுத்துட்டேன். அசதி. என்ன எறக்கி வுட்டுடு."

மேலே தட்டில் ஏதோ நின்றது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, ஆள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்கிற மாதிரி. பிறகு அந்தக் குரல், கோபமில்லாமல், கிட்டத்தட்ட இரக்கத்தோடு, அவரைவிட அலுத்த குரலில் சொன்னது:

"எறக்கற எடம் வரட்டும்."

தொம். "அறுபத்திரண்டு."

வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரம் இடுப்பு வேட்டிக்குள் நட்டும் போல்ட்டுமாக எட்டு கிலோ கட்டிக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டார்.

"இன்னாய்யா இது, சலங்க கட்டிக்கினு ஆடப் போறியா?" என்றாள் ராணியம்மாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சாயங்காலம் கட்டில உள்ள போட்டு வை" என்று மட்டும் சொன்னார்.

காஜா ஜும்மாவுக்குக் கிளம்பிப் போனார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார். பன்னிரண்டரைக்கு வசந்த்குமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார். தட்டை ஒரு சுற்று சுற்றிவந்து, பலகையைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவினார்.

"மேஸ்திரி, கைய குடுங்க. இந்த மாதிரி வேல இனிமே யாரும் செய்யப் போறதில்ல." கையைப் பிடித்தவர், "என்ன இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றார்.

"சார். இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க."

"ஏன்?"

"லோடு கீது சார்."

வசந்த்குமார் தட்டைப் பார்த்தார். ஒரு உப்பு மூட்டை. "அதையா சொல்றீங்க? சாஸ்திரத்துக்கு வச்சது, இருக்கட்டுமே. கண்காட்சிலயும் அழகா இருக்கும்."

"சார், கீழ குனிஞ்சி ஸ்பிரிங்கப் பாருங்க."

பார்த்தார். பட்டைகள் கோடு போட்ட மாதிரி நேராக நிமிர்ந்திருந்தன. நூறு மூட்டைக்கு நிமிர்கிற நிமிர்வு. "பழசு இல்லையா மேஸ்திரி, தளர்ந்திருக்கும். திரும்பி வந்து மாத்திடலாம்." தோளில் தட்டிக்கொடுத்தார். தட்டின வேகத்தில் ஏகாம்பரம் இரண்டடி தள்ளிப் போய் நின்றார். வசந்த்குமார் அதைக் கவனிக்கவில்லை. கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார்.

தொம். "தொண்ணூத்தெட்டு."

இன்ஜின் செருமியது.

"சார்! நான் படுத்துட்டேன் சார்! நான்தான் லாபம்!" ஏகாம்பரம் கத்தினார். நாலு நாளாக விழுங்கின நிஜம் அப்போதுதான் வெளியே வந்தது. கேட்க ஆள் இல்லை. மூக்கு லாரியின் இன்ஜின் சத்தம் ஊருக்கே தெரியும்.

"தொண்ணூத்தொம்பது."

வண்டி நகரவில்லை. வசந்த்குமார் கியரைத் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நின்றது. ஏகாம்பரத்துக்கு நம்பிக்கை வந்தது. ஒன்று குறைந்தாலும் எடுக்க மாட்டார்கள். ஒன்று குறைகிறது. ஒன்று.

உள்ளங்காலில் கடைசியாக ஒட்டியிருந்த ஏதோ ஒன்று, வடித்த சோற்றில் கடைசிச் சொட்டுக் கஞ்சி இறங்குகிற மாதிரி, அவரைவிட்டு இறங்கிப் போனது.

தொம்.

"நூறு."

வண்டி கிளம்பியது.

முதலில் வேட்டி முன்பக்கமாகப் பறந்தது. காற்று இல்லை. பிறகு இடுப்பு இழுபட்டது. வண்டி வாலாஜாபாத் பக்கம் திரும்ப, ஏகாம்பரமும் அந்தப் பக்கம் திரும்பினார். நடக்கவில்லை. கால் விரல் நுனி புழுதியில் கோடு போட்டுக்கொண்டே போனது. வேட்டி முடிச்சு அவிழ்ந்து நட்டும் போல்ட்டும் சாலையில் கொட்டின. கோடும் நின்றது. கைக்கு அகப்பட்டது இரும்புக் கடையின் கேட் கம்பி. பிடித்துக்கொண்டார்.

"ஆண்டாளு!"

ஆண்டாளம்மாள் சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை, கத்துகிற ஜாதி இல்லை அவள். லோடு கட்டுகிற கயிற்றை எடுத்து, அவர் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, மறுமுனையைக் கழற்றிப் போட்டிருந்த பழைய பஸ் இன்ஜின் ஒன்றில் கட்டினாள். முடிச்சுமேல் முடிச்சு. மூன்று முடிச்சு. அப்புறம்தான் அவர் கை கம்பியை விட்டது.

லாரிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. தேயத் தேய இழுப்பு கூடியது. கயிறு விறைத்தது. விண் என்று ஒரு சத்தம், தம்புரா மாதிரி. இன்ஜின் அரை அடி நகர்ந்தது.

காற்றில்லாத உச்சி வெயிலில், கேட்டோர மரத்தில் ஒரு இலைகூட அசையாமல் இருக்க, வாலாஜாபாத் சாலையைப் பார்த்தபடி ஏகாம்பரம் கயிற்றின் நுனியில் படுக்கைவசமாகக் கிடந்தார். கீழே ஒன்றும் இல்லை. முகத்தில் பயம்கூட இல்லை, அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. இமை பாதி மூடியிருந்தது.

"அம்மா" என்றார். "அவுத்து வுடும்மா. தூக்கம் வருது."

ஆண்டாளம்மாள் இன்ஜினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, மண்ணில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தாள். அவளும் இன்ஜினும் சேர்ந்து, அங்குலம் அங்குலமாக, சாலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

எதிரே பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற ஏகாம்பரத்துக்கு, இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காமல் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.